பதினாறு சாமான்களோடு ஒரு பழைய கேமரா: வாங்கலாமா?

குடியாத்தத்திலிருந்து பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டது இது: "அண்ணா, விடுமுறை நாட்களில் கோயில் சிற்பங்களைப் படம் எடுத்துச் சேர்க்கிறேன். வேலூர் கோட்டைக் கோயில் மண்டபம், வள்ளிமலைச் சமணச் சிற்பங்கள், மகேந்திரவாடிக் குடைவரை என்று சுற்றுகிறேன். போனில் எடுத்தால் திருப்தியாக இல்லை. ஆன்லைனில் ஒரு கடையில் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, ரீஃபர்பிஷ்டு, 16 சாமான்களோடு 33,500 ரூபாய் என்று போட்டிருக்கிறான். கேமரா மட்டும் என்றால் 29,000. ஆறு மாத வாரண்டி. சாமான்களில் ட்ரைபாட், ஃபிளாஷ், மைக், வைட் லென்ஸ், ஃபில்டர், இரண்டு பேட்டரி, 32 ஜிபி கார்டு, பை எல்லாம் இருக்கின்றன. நம்பி வாங்கலாமா?"

தம்பி, கேமராவை வாங்கலாம், நான் கீழே சொல்லும் பரிசோதனையில் தேறினால். அந்த 16 சாமான்களை மட்டும் வாங்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்குப் போயிருப்பீர்கள். கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் புது மணி கட்டி, நெற்றியில் சலங்கை வைத்து நிறுத்தியிருப்பார்கள். விவரம் தெரிந்தவர் மணியைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார். சின்ன கேமராவுக்குப் பல்லும் மடியும் எல்லாமே லென்ஸ்தான். ட்ரைபாடும் பையும் மணி மாதிரி.

ஏன் லென்ஸை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரிய கேமராவில் லென்ஸ் கெட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். இந்த வகைக் கேமராவில் லென்ஸும் உடம்பும் ஒன்று. ஆன் செய்ததும் மூக்கு நீட்டுகிறதே, அந்தக் குழாய்க்குள் நூல் மாதிரிப் பல்சக்கரங்கள், குட்டி மோட்டார்கள், காகிதம் போல மெல்லிய ரிப்பன் கேபிள் எல்லாம் இருக்கின்றன. ஜூம் செய்யும் ஒவ்வொரு முறையும் குழாய் நீளும்போது துருத்தி மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கூடவே தூசியும் போகும். பாலாறு வறண்டு கிடக்கும் மாதங்களில் நம் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போன தூசியை எடுக்க மொத்தக் கேமராவையும் பிரித்தாக வேண்டும்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன், ஸ்டூடியோ வைத்திருக்கும் நானே, இதே மாதிரி ஒரு சின்ன கேமராவை "முழு செட்" என்று ஆசைப்பட்டு வாங்கினேன். வீட்டோடு ஏலகிரி போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போய், ஏரிக்கரையில் எல்லோரையும் நிற்கவைத்து ஆன் செய்தால் மூக்கு பாதி நீண்டு "டிக், டிக், டிக்" என்றது. திரையில் லென்ஸ் எரர். அணைத்துப் போட்டேன், பேட்டரியைக் கழற்றிப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ரிப்பேருக்குக் கேட்ட தொகை வாங்கிய விலையில் பாதிக்கு மேல். விற்ற கடையில் கேட்டால், வாரண்டி பாடிக்குத்தான், லென்ஸுக்கு இல்லை என்றார்கள். லென்ஸைக் கழற்றவே முடியாத கேமராவில் பாடி வேறு லென்ஸ் வேறாம். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. கூட வந்த ட்ரைபாட் இப்போது மொட்டைமாடியில் அவரைக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, ஆறு மாத வாரண்டியில் லென்ஸ் யூனிட் சேர்த்தியா? இரண்டு, பிடிக்காவிட்டால் எத்தனை நாளில் திருப்பி அனுப்பலாம், பணம் திரும்ப வருமா, இல்லை வேறு பொருள்தானா? இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். நாட்டில் அந்த ஒரு கேமராதான் இருக்கிறது என்றில்லை.

"ரீஃபர்பிஷ்டு" என்ற சொல்லையும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். தயாரித்த கம்பெனியே திரும்ப வாங்கி, சரிபார்த்து, தன் வாரண்டியோடு விற்பது ஒரு வகை. அது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஆனால் நம்மூரில் சின்ன கேமராக்களில் அது அபூர்வம். இரண்டாவது வகை, கடைக்காரர் பழையதை வாங்கித் தன் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்த்து விற்பது. மூன்றாவது, ஈரத்துணியால் துடைத்து புது அட்டைப்பெட்டியில் வைத்து விற்பது. இரண்டும் மூன்றும் ஒரே பெயரில்தான் வரும். எக்ஸலண்ட், குட், ஃபேர் என்று தரம் போட்டிருப்பதும் பெரும்பாலும் மேல்பூச்சுக்கான மார்க்தான். உடம்பில் கீறல் விழுந்து லென்ஸ் சுத்தமாக இருப்பது கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். விலையும் குறையும். சிற்பம் எடுக்கப் போகிறவருக்குக் கேமராவின் மேனியழகு எதற்கு?

இனி மாடலுக்கு வருவோம். ஆர்எக்ஸ்100 மார்க் 3 வந்தது 2014-ல். பழசு என்று பயப்பட வேண்டாம், உங்கள் வேலைக்குப் பொருத்தமான தேர்வு. இதன் சென்சாரை ஒரு இஞ்ச் என்பார்கள். அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், மூலைக்கு மூலை 16 மில்லிமீட்டர்கூட வராது. டிவி கேமராவில் கண்ணாடிக் குழாய் இருந்த காலத்துக் கணக்கை இன்னும் பிடித்துத் தொங்குகிறார்கள். இருந்தாலும் சாதாரணச் சின்ன கேமராக்களில் இருக்கும் சென்சாரைவிடப் பரப்பில் இது நான்கு மடங்கு. அரையிருட்டில் இந்த நான்கு மடங்கு நன்றாகவே தெரியும்.

இதைவிட முக்கியம் லென்ஸின் வாய். முதல் ஆர்எக்ஸ்100, 2012-ல் வந்தது, இன்னும் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதில் ஜூம் செய்யாதபோது எஃப் 1.8, முழு ஜூமில் எஃப் 4.9. எஃப் எண் சின்னதாக இருந்தால் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். மார்க் 3-ல் ஜூம் செய்யாத 24 மில்லிமீட்டரில் 1.8, முழு ஜூமான 70 மில்லிமீட்டரில் 2.8. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண் முன் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். முழுத் தூணுக்கு வைடு வேண்டும், குதிரைவீரன் முகத்துக்கு ஜூம் வேண்டும். ஜூமில் 4.9-க்கும் 2.8-க்கும் வெளிச்சத்தில் மூன்று மடங்கு வித்தியாசம். பழைய மாடலில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன், ஏற ஏறப் படத்தில் இரைச்சல் கூடும்) 3200 போக வேண்டிய இடத்தில் இதில் ஏறத்தாழ ஆயிரத்தில் முடித்துவிடலாம். கல்லின் சொரசொரப்பு அப்படியே நிற்கும். முதல் மாடல் 100 மில்லிமீட்டர் வரை போகும், இது 70-தான். அந்தக் குறையோடு நீங்கள் வாழலாம், இரண்டடி முன்னே போனால் சரி.

போன் ஏன் திருப்தி தரவில்லை என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. போனும் இருட்டில் எடுக்கும். ஆனால் பல படங்களை ஒட்டி, இரைச்சலை வழித்து, ஓரத்தைக் கூர்மையாக்கி, கருங்கல்லுக்கு மெழுகு பூசினாற்போல் ஆக்கிவிடும். சின்ன கேமராவில் ரா ஃபைல், அதாவது கேமரா கை வைக்காத மூலப் படம், எடுத்துக்கொண்டால் எவ்வளவு வழிக்க வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். பகலில் எடுக்கும் குடும்பப் படங்களுக்கு மட்டும் என்றால் போனே போதும், 29,000-ஐ மிச்சம் பிடியுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொரு நல்ல விஷயம், மார்க் 3-ல் மேலே எழும்பும் வ்யூஃபைண்டர், கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல், இருக்கிறது. மே மாதம் கோட்டை மதில் மேல் நின்று கேமராத் திரையைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். இதே விலையில் கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 வந்தாலும் நல்ல கேமராதான், 100 மில்லிமீட்டரிலும் 2.8 வாய், ஆனால் வ்யூஃபைண்டர் கிடையாது. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 பக்கம் போகாதீர்கள். ரீல்ஸ் எடுப்பவர்கள் மோகத்தில் அதன் விலை ஏறிக் கிடக்கிறது, அந்தக் கூடுதல் பணம் உங்களுக்கு எதையும் தராது. ரிக்கோ ஜிஆர் இன்னும் பெரிய சென்சார், அருமையான படம். ஆனால் ஜூம் இல்லை.

சரி, அந்த 16 சாமான்கள். இந்தப் பட்டியலைப் போட்டவர் கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். ஃபிளாஷ் என்கிறார். மார்க் 3-ன் மேல்பக்கம் ஃபிளாஷ் மாட்டும் ஷூவே கிடையாது, எதில் மாட்டுவது? மைக் என்கிறார். மைக் செருகும் துளை கிடையாது. ஃபில்டர், வைட் லென்ஸ் என்கிறார். லென்ஸ் முகப்பில் ஃபில்டர் திருகும் மரை கிடையாது, பசை தடவிய வளையத்தை ஒட்டித்தான் மாட்ட வேண்டும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இந்தக் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. 32 ஜிபி கார்டு என்கிறார். படத்துக்குச் சரி, ஆனால் இந்தக் கேமராவின் நல்ல தரமான வீடியோ முறைக்கு 64 ஜிபி எஸ்டிஎக்ஸ்சி கார்டு வேண்டும், 32-ல் எடுக்காது. பெயர் தெரியாத கம்பெனி கார்டாக இருந்தால் அது 32-தானா என்பதே கேள்வி. கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசப் புரோகிராமை ஓட்டினால் கார்டின் நிஜக் கொள்ளளவு தெரிந்துவிடும்.

பேட்டரியில்தான் பெரிய ஏமாற்று. இதற்கு உரிய பேட்டரி என்பி-பிஎக்ஸ்1. சோனியின் அசலில் கொள்ளளவு 1240 எம்ஏஎச் என்று அச்சிட்டிருக்கும். அதே அளவு டப்பாவில் 2000, 2500 என்று போட்டு வருபவை ஒரு மாலைப்பொழுது தாண்டாது. சில சமயம் வெயிலில் உப்பிக்கொள்ளும். உப்பிய பேட்டரி அறைக்குள் சிக்கினால் நகத்தால் இழுத்து, கத்தியால் நெம்பி, கடைசியில் கேமராவையே பிரிக்க வேண்டிவரும். என் மேசைக்கு அப்படி வந்தவை உண்டு. நல்லவேளையாக இதே பேட்டரியை 2019-ல் வந்த ஏழாம் மாடல் வரை சோனி மாற்றவில்லை, அதனால் அசல் இன்றும் கிடைக்கும். புதுப் பேட்டரியில் சுமார் 320 படம் வரும் என்பது கம்பெனிக் கணக்கு. கேமராவோடு வரும் பழைய பேட்டரி அதில் பாதி தந்தாலே சந்தோஷப்படுங்கள். சார்ஜர் தனியாக வேண்டியதில்லை, கேமராவிலேயே மைக்ரோ யுஎஸ்பி வழியாக ஏறும். அந்தப் பழைய போன் வயரைத் தூக்கிப் போட்டிருந்தால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, மிச்சமாகும் 4,500-ல் ஓர் அசல் பேட்டரி, நல்ல கம்பெனி 64 ஜிபி கார்டு ஒன்று, உள்ளங்கை அளவு மேசை ட்ரைபாட் ஒன்று. கேமராவின் எடையே 290 கிராம், அதற்கு ஐந்தடி ட்ரைபாட் எதற்கு? வள்ளிமலையில் பாறை மேல் அந்தக் குட்டியை வைத்து, ஐஎஸ்ஓ 125, இரண்டு நொடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஷட்டர் அரை நொடி திறந்திருந்தாலும் படம் அசையாது.

பார்சல் வந்த அன்று செய்ய வேண்டியது. முதலில், பெட்டியின் ஒட்டுப்பட்டையைக் கிழிப்பதிலிருந்து கேமரா ஆன் ஆகும் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் சீரியல் எண் வீடியோவிலும் பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அமைதியான அறையில் ஆன் செய்து, ஜூமை முன்னும் பின்னும் இருபது தடவை ஓட்டுங்கள். நேராகப் பிடித்து, வானத்தைப் பார்க்கவைத்து, தரையைப் பார்க்கவைத்து. ஒரே சீரான மெல்லிய சத்தம் வர வேண்டும். ஏதாவது ஒரு நிலையில் நரநரவென்று கடித்தால், அல்லது மூக்கு ஒரு கணம் தயங்கி நகர்ந்தால் திருப்பி அனுப்புங்கள். நாளை நின்றுபோகும் லென்ஸ் அது. அணைக்கும்போது முன்னால் உள்ள இமை முழுக்க மூட வேண்டும். பாதி மூடி நின்றால் மணல் போயிருக்கலாம். அணைத்த கேமராவை லேசாகக் குலுக்கினால் உள்ளே சின்னதாக ஏதோ ஆடும் சத்தம் வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம், அது ஆட்டத்தைத் தடுக்கும் லென்ஸ் துண்டு.

அடுத்து, லென்ஸ் நீண்டிருக்கும்போது போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். இரண்டு மூன்று தூசிப் புள்ளி பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரியோ, மூச்சு விட்ட கண்ணாடி மாதிரியோ தெரிந்தால் ஃபங்கஸ், பூஞ்சை. அப்படிப்பட்ட கேமராவை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வெளியே வந்து முழு ஜூமில், எஃப் 11-ல் வெறும் வானத்தை ஒரு படம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் மேல் இருக்கும் தூசி சாம்பல் நிறப் பொட்டாகத் தெரியும். திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒன்று ஓரத்தில் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். நடுவில் இருந்தால் வேண்டாம்.

அடுத்தது யாரும் செய்யாத சோதனை, ஆனால் கீழே விழுந்த கேமராவைக் காட்டிக்கொடுப்பது இதுதான். தினத்தந்தி முழுத்தாளைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை நேர் எதிரே அசையாமல் வைத்து, வைடில் 1.8-லும் ஜூமில் 2.8-லும் எடுங்கள். நான்கு மூலையிலும் எழுத்து ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். நான்கும் கொஞ்சம் மங்கல் என்றால் அது லென்ஸின் இயல்பு. இடது பக்கம் படிக்க முடிந்து வலது பக்கம் கரைந்து போயிருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்துவிட்டது. மேலே புது பெயின்ட் அடிக்கலாம், இதை மறைக்க முடியாது.

வ்யூஃபைண்டரை மேலே எழுப்பி, கண் வைக்கும் பகுதியைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். மார்க் 3-ல் இந்த இரண்டாவது வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும். இழுக்காமல் பார்த்துவிட்டு மங்கலாக இருக்கிறது என்று புகார் சொன்னவர்கள் உண்டு. திரையை முழுக்க மேலே மடக்கி, அப்போது கோடு விழுகிறதா என்று பாருங்கள். அடிப்பக்க ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது தப்பில்லை, எதற்குத் திறந்தீர்கள் என்று கேட்டால் பதில் வர வேண்டும். மெனுவில் ஆங்கிலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானுக்கென்று செய்த சோனி கேமராக்களில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும், அவை இங்கே மலிவாக வருவதுண்டு. வீடியோவை நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் பொருந்த மெனுவில் PAL (பால்) என்ற முறையில் வையுங்கள், இல்லாவிட்டால் டியூப்லைட் வெளிச்சம் அலையடிக்கும்.

எல்லாம் சரி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடை சொன்ன திருப்பும் கெடுவுக்குள் எழுத்தில் புகார் போடுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே போகும்போது அந்தப் பெட்டி பிரித்த வீடியோவின் அருமை தெரியும். கடையில்லாமல் தனி ஆளிடம் வாங்க நேர்ந்தால் கேமராவைக் கையில் வாங்கும் முன் பத்து பைசா அனுப்பாதீர்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்பர் வந்துவிட்டது, அவசரமாக விற்கிறேன்" என்று அடையாள அட்டைப் படத்தோடு வருபவரிடம் இன்னும் ஜாக்கிரதை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு சிப்பாய் இருக்கும் ஊர்கள் நம் பக்கம் உண்டு. அந்த மரியாதையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

பாதுகாப்பது பற்றி ஒரு வரி. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் உலகத்துக்கே போகிறது, ஆனால் கேமராவைத் தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஐப்பசி கார்த்திகை மழை முடிவதற்குள் ஃபங்கஸ் குடியேறிவிடும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வண்டி டிக்கிக்குள்ளும் வைக்காதீர்கள்.

பார்சல் வந்ததும் அந்தப் பேப்பர் படத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் சுருக்காமல் டாக்குமெண்டாக. நான்கு மூலையையும் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.